ஆடாமல் போன பருவமும் நான் எழுதிய கடிதமும்

ஆக்லாந்தின் மவுண்ட் ஆல்பர்ட்டில் வீடு வாங்கிய கதையை இந்தப் பத்தியில் இரண்டு வாரமாகச் சொல்லிவந்தேன். அதில் இன்னும் மிச்சம் இருக்கிறது. ஆனால் அதையே சொல்லிக்கொண்டு போனால் இதைச் சொல்லாமல் தப்பித்துவிடுவேன் என்று எனக்கே தெரிகிறது. அதனால் வீடு அப்படியே நிற்கட்டும்.

அன்று வியாழனோ வெள்ளியோ. பகல் பதினொரு மணி இருக்கும். எனக்கு ஓய்வு நாள். பின்பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். முன்வாசலில் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. பிறகு மரப்படிகளில் ஏதோ பாரமான ஒன்று ஒவ்வொரு படியாக இடித்துக்கொண்டு ஏறியது. அந்தச் சத்தம் எனக்குப் பழக்கம். ஆனால் அந்த நேரத்தில் அது கேட்கக் கூடாது.

என் மகள் ஆரணி ஐஸ் ஹாக்கி ஆடுகிறவள். கோல் வாசலில் நிற்பவள். வயது இருபத்துமூன்று. கோல் காப்பவரின் பை ஒரு ஆள் படுக்கக்கூடிய அளவு பெரிது. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அதைத் திறந்து, கால் கவசம், நெஞ்சுக் கவசம், கையுறை எல்லாவற்றையும் வெளியே காற்றில் போடுவாள். ஒரு மணி நேரம் தாமதித்தாலும் வீடு முழுக்க ஈரத் தோலின் புளித்த வாடை பரவிவிடும்.

அன்று பையை நடையில் போட்டாள். திறக்கவில்லை.

"ஏன் பிள்ளை, பையைத் தூக்கிக்கொண்டு வந்திட்டாய்?"

"சீசனே இல்லை" என்றாள். "கேன்சல் பண்ணிட்டாங்க. முழுசா."

ஆரணி என்னோடு பேசுவது பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். இங்கே பிறந்த பிள்ளை. அவள் சொன்னதை நான் தமிழாக்கி எழுதுகிறேன். ஆனால் அடுத்து அவள் சொன்ன வாக்கியத்தை மாற்ற வேண்டியதில்லை. அதை அவள் தமிழிலேயே சொன்னாள்.

"உங்கட கடிதத்தை எல்லாருக்கும் முன்னால வாசிச்சவங்கள், அம்மா."

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அடித்துச் சாத்தவில்லை. மெதுவாகத்தான்.

கோல் வாசலுக்கு வந்த வழி

அவளுக்கு எட்டு வயதிருக்கும்போது வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் பிறந்தநாளுக்கு முதன்முதலாக உள்ளரங்கப் பனித்தரைக்குப் போனோம். கதவைத் திறந்ததும் முகத்தில் அடித்த வாசனை இன்னும் நினைவிருக்கிறது: ஈர ரப்பர் பாய், சூடான எண்ணெயில் உருளைக்கிழங்குச் சிப்ஸ், அவற்றுக்கு நடுவே குளிர்சாதனப் பெட்டியின் உள்ளே மூக்கை வைத்தது போன்ற ஒரு குளிர். நான் இரண்டு சோடி கம்பளிக் காலுறையும் ஒரு பிளாஸ்க் சூடான மைலோவும் கொண்டுபோயிருந்தேன். கைப்பிடிக் கம்பியை விட்டு நான் அசையவில்லை. அவள் விழுந்தாள், எழுந்தாள், மறுபடியும் விழுந்தாள். ஒவ்வொரு விழுகைக்கும் சிரித்தாள்.

பிறகு சிறுவர் அணியில் சேர்ந்தாள். கோலுக்கு யார் நிற்பது என்று பயிற்சியாளர் கேட்டபோது ஒருவரும் கையைத் தூக்கவில்லையாம். இவள் தூக்கினாள். ஏன் என்று கேட்டேன். "எல்லாரும் என்னைப் பார்த்துத்தான் வருவாங்க" என்றாள்.

கோயிலில் சந்திப்பவர்களுக்கு இதை விளக்குவது பெரும்பாடு. மற்றப் பிள்ளைகள் பரதம், வயலின், கணக்கு வகுப்பு. "இதாலே யூனிவர்சிட்டிக்கு ஏதும் பொயின்ட்ஸ் கிடைக்குமோ?" என்று ஒருவர் கேட்டார். இல்லை என்றேன். "அப்ப ஏன்?" என்றார். அவர் கேலிக்குக் கேட்கவில்லை. நானும் அதே கேள்வியைப் பல வருஷம் மனதில் வைத்திருந்தவள்தான்.

என் கணவர் சேகர் மலேசியாக்காரர், ஈப்போவில் பிறந்தவர். விடிவதற்கு முன்பே எழுந்து அவளைப் பயிற்சிக்குக் கொண்டுபோனவர் அவர்தான். "எங்க ஊர்ல கிண்ணத்துல சாப்பிடுற ஐஸ் கச்சாங்தான் லா நாங்க பார்த்த ஐஸு. இப்ப பாரு, பொண்ணு அது மேல நிக்குது" என்பார். ஒவ்வொரு புதிய ஆளிடமும் இதையே சொல்வார். ஆரணி கண்ணை மேலே உருட்டுவாள்.

மூன்று வருஷத்துக்கு முன் பெண்களுக்கென்று சம்பளம் கொடுத்து ஆட வைக்கும் ஒரு லீக் தொடங்கினார்கள். நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலுமாகச் சில அணிகள். ஆக்லாந்து அணியில் ஆரணிக்கு இடம் கிடைத்தது. ஒப்பந்தத் தாளைச் சமையலறை மேசையில் வைத்துக் கையெழுத்துப் போட்டாள். அவளுடைய தொழில் என்ன என்று கேட்கும் படிவங்களில் அதற்குப் பிறகு "ஐஸ் ஹாக்கி" என்று எழுதினாள். அந்தத் தாள்களை நான் எடுத்து இரண்டு தரம் வாசிப்பேன். பெருமையா பயமா என்று நான் பிரித்துப் பார்த்ததில்லை.

இரண்டு கோரிக்கைகள்

இந்த வருஷம் பருவம் தொடங்குவதற்குச் சில வாரம் முன்பு அணியின் ஆட்டக்காரிகள் எல்லோரும் சேர்ந்து நிர்வாகத்துக்கு ஒரு கோரிக்கை கொடுத்தார்கள். அதில் முக்கியமாக இரண்டு விஷயம். தலையில் அடிபட்டால், மறுபடி ஆடலாமா என்று சொல்கிற மருத்துவர் அணியின் ஆளாக இருக்கக் கூடாது. அடிபட்டவள் குணமாகும்வரை அவளுடைய இடத்தை வேறொருத்திக்குக் கொடுக்கக் கூடாது. இவை ஒப்பந்தத்தில் எழுதப்படும்வரை பனித்தரையில் இறங்க மாட்டோம் என்றார்கள்.

நிர்வாகம் மறுத்தது. அப்படி யாரும் கட்டாயத்தின் பேரில் ஆடியதே இல்லை, இல்லாத நோய்க்கு மருந்து கேட்கிறார்கள் என்றது.

ஆரணி இதை ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டின்போது சொன்னாள்.

"எல்லாரும் கையெழுத்து வச்சனீங்களோ?"

"எல்லாரும்."

"முதல் பேர் ஆர்?"

"ஜெஸ். கேப்டன் இல்லையா."

"நீ?"

"ரெண்டாவது."

"ரெண்டாவதோ? கடைசியில எங்கயாவது போட்டிருக்கலாமே."

சேகர் சிரித்தார். "இது என்ன கல்யாணப் பத்திரிகையா, பேரு எங்க வருதுன்னு பார்க்க?"

ஆரணியும் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. குழம்புச் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

ஏழாவது பெயர்

நான் யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் ஒரு தாள் வகுப்புக்குள் சுற்றி வந்தது. பரீட்சையைத் தள்ளிவைக்கச் சொல்லும் விண்ணப்பம். அரசியல் ஒன்றுமில்லை. இரவுகளில் விளக்கில்லை, படிக்க முடியவில்லை, அவ்வளவுதான். நான் ஏழாவதாகப் பெயர் எழுதினேன். பச்சை மையில் எழுதியது நினைவிருக்கிறது. என் பேனாவில் மை தீர்ந்துபோய், பக்கத்திலிருந்தவளின் பேனாவை வாங்கினேன்.

அந்தத் தாள் எங்கே போயிற்று, யார் கைக்குப் போயிற்று என்று எங்களுக்குக் கடைசிவரை தெரியவில்லை. முதலாவதாகப் பெயர் எழுதியவனின் வீட்டுக்கு ஆட்கள் வந்து விசாரித்துவிட்டுப் போனார்கள் என்று கேள்விப்பட்டோம். அடுத்த வாரம் அவன் வகுப்புக்கு வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. அவன் உட்காரும் இடத்தை ஒருவரும் எடுத்துக்கொள்ளவில்லை. நான் ஒன்றுமுதல் ஏழுவரை எண்ணிக்கொண்டே பல நாள் படுத்திருந்தேன்.

ஆக்லாந்தில் அப்படியெல்லாம் நடக்காது என்று எனக்குத் தெரியும். படித்தவள். மருத்துவ ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறவள். ஆனால் தெரிவது தலையில் நடக்கிறது, பயம் வேறெங்கோ நடக்கிறது. "ரெண்டாவது" என்று அவள் சொன்ன கணத்திலிருந்து எனக்கு ஒரே எண்ணம்தான்: இவள் பெயரை அந்தத் தாளிலிருந்து எப்படியாவது எடுத்துவிட வேண்டும்.

ஒரு டப்பா ரோல்ஸ்

எங்கள் ஆட்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பிள்ளைக்கு ஒரு சிக்கல் என்றால் பெற்றவர்கள் நேரே பெரியவரைப் போய்ப் பார்ப்பார்கள். பள்ளிக்கூடம் என்றால் அதிபரை. வேலை என்றால் மேலதிகாரியை. பிள்ளைக்குச் சொல்லிவிட்டுப் போவதில்லை. வெறுங்கையோடும் போவதில்லை.

நான் இருபத்தைந்து மட்டன் ரோல்ஸ் பொரித்து, ஐஸ்கிரீம் டப்பா ஒன்றில் அடுக்கி, அணியின் மேலாளரைப் பார்க்கப் போனேன். டெரெக் என்று பெயர். பனித்தரைக்கு மேல்மாடியில் அவருடைய அறை. கண்ணாடிச் சுவர் வழியாகக் கீழே வெறும் பனி தெரிந்தது. யாரும் ஆடாததால் ஒரு கீறல் இல்லாமல் பால் ஊற்றியது போல் கிடந்தது.

நல்ல மனிதர்போல்தான் நடந்துகொண்டார். தேநீர் போட்டுக் கொடுத்தார். ஒரு ரோலை அப்போதே சாப்பிட்டார். நான் சொன்னேன்: என் மகள் மற்றவர்கள் போட்டதால் கையெழுத்துப் போட்டவள். அவளுக்கு ஆடத்தான் விருப்பம். அவள் மேல் கோபம் வைக்க வேண்டாம்.

"அவளுக்குக் காயம் எதுவும் இருந்ததா?" என்று கேட்டார்.

"இல்லையே. நல்ல சுகமாக இருக்கிறாள்."

"தலைவலி, மயக்கம்?"

"ஒரு நாளும் சொன்னதில்லை."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "இதை இரண்டு வரி எழுதித் தருவீர்களா? உரிமையாளர்களிடம் காட்டினால் ஆரணிக்கு உதவியாக இருக்கும்."

அன்று மதியமே எழுதினேன். ஆய்வுகூடத்தில் தேநீர் இடைவேளையின்போது, சாப்பாட்டு மேசையில், போனில். மூன்று தரம் திருத்தினேன். என் ஆங்கிலத்தில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. பள்ளிக்கூடத்துக்கு அவள் போகாத நாட்களுக்கெல்லாம் காரணம் எழுதி அனுப்பிப் பழகிய கை. 'என் மகள் பூரண நலத்துடன் இருக்கிறாள். தலையில் காயம் பட்டதாகவோ, அதனால் வருந்தியதாகவோ அவள் எங்களிடம் ஒருபோதும் கூறியதில்லை. அணியின் மருத்துவக் கவனிப்பில் எங்கள் குடும்பத்துக்குப் பூரண திருப்தி.'

அனுப்பிவிட்டு நிம்மதியாக மீதி வேலையைப் பார்த்தேன்.

மூன்றாம் எண்

ஆட்டக்காரிகள் தங்கள் கோரிக்கைக்கு ஆதாரமாகச் சில சம்பவங்களை எழுதிக் கொடுத்திருந்தார்கள். பெயர் இல்லை, எண் மட்டும். அதில் மூன்றாம் எண் ஒரு கோல் காப்பவள். போன பருவத்தின் கடைசி மாதத்தில் ஒருத்தியின் முழங்கால் அவள் தலைக்கவசத்தில் மோதியது. அன்று இரவு வாந்தி எடுத்தாள். அடுத்த சனிக்கிழமை, தன் இடம் போய்விடும் என்ற பயத்தில், ஒன்றுமில்லை என்று சொல்லி ஆடினாள். அதற்கடுத்த சனிக்கிழமையும் ஆடினாள்.

பிணக்கைத் தீர்க்க அழைத்த மத்தியஸ்தர் ஒருவர் முன்னால் இரு தரப்பும் உட்கார்ந்திருந்த மேசையில் இந்தச் சம்பவம் வாசிக்கப்பட்டது. அப்போது டெரெக் ஒரு தாளை எடுத்தாராம். மூன்றாம் எண் யார் என்று எங்களுக்குத் தெரியும், இது அவளுடைய தாய் எழுதியது என்றாராம். என் பெயரோடு சேர்த்து வாசித்தாராம்.

ஆட்டக்காரிகளின் சார்பில் அந்த மேசையில் நான்கு பேர் இருந்தார்கள். ஒருத்தி ஆரணி.

பேச்சு அன்றோடு முறிந்தது. மறுநாள் காலை பருவம் ரத்து என்று எல்லோருக்கும் செய்தி வந்தது.

இவ்வளவையும் எனக்குச் சொன்னவர் சேகர். ஆரணி அவரிடம் காருக்குள் வைத்துச் சொல்லியிருக்கிறாள். சொல்லி முடித்துவிட்டு அவர் அடுப்பை அணைத்தார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா நீ?"

"கேட்டால் விட்டிருக்க மாட்டீங்கள்."

"அதுக்குத்தான் கேக்கணும்."

ஆய்வுகூடத்தில் நாங்கள் முதலில் கற்றுக்கொள்வது ஒன்றுதான். மாதிரியைச் சோதிக்காமல் முடிவு எழுதக் கூடாது. குழாயில் ஒட்டிய பெயர் கொஞ்சம் அழிந்திருந்தால்கூட நான் திருப்பி அனுப்பிவிடுவேன். முகம் தெரியாத மனிதர்களின் இரத்தத்துக்கு அவ்வளவு கவனம். என் பிள்ளை பூரண நலம் என்று எழுத எனக்கு ஒரு தேநீர் இடைவேளை போதுமாக இருந்தது.

அவள் என்னிடம் சொல்லவில்லை என்பது உண்மை. நான் கேட்கவில்லை என்பதும் உண்மை. கேட்டிருந்தால், ஆட்டத்தை விடு என்று சொல்லியிருப்பேன். அது அவளுக்கும் தெரியும்.

ஜெஸ் வந்தாள்

இரண்டு வாரம் கழித்து ஜெஸ் வீட்டுக்கு வந்தாள். புறநகரான ரானுயியில் இருப்பவள். கட்டட வேலை பழகுகிறாள். சேற்றுச் சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டு, ஓட்டைக் காலுறையோடு உள்ளே வந்தாள். அணியின் பொதுச் சாமான் ஏதோ ஆரணியிடம் இருந்தது. ஆரணி தூங்கிக்கொண்டிருந்தாள். பகலில் அப்படித் தூங்குவது எனக்கு அதுவரை சோம்பலாகத்தான் தெரிந்தது.

நான் மன்னிப்புக் கேட்டேன். நிறைய யோசித்து வைத்திருந்த ஆங்கில வாக்கியங்கள் ஒன்றும் வரவில்லை.

"எப்படியும் ரத்துப் பண்ணியிருப்பாங்க" என்றாள் ஜெஸ். "போன வருஷமே அரங்கத்தில பாதி காலி. அவங்களுக்கு ஒரு சாக்கு வேணும். ஆரணிகிட்டயும் இதைத்தான் சொல்றேன்."

"அது உண்மையா?"

"எனக்குத் தெரியாது."

அந்த நேர்மைக்காக அவளை எனக்குப் பிடித்தது. பிறகுதான் கேட்டேன். "அன்று, அந்த முழங்கால் பட்ட அன்று, அவள் எப்படி இருந்தாள்?"

"உடை மாத்துற அறையில என் பக்கத்தில உட்கார்ந்திருந்தா. ஸ்கோர் என்னன்னு கேட்டா. மூணு ஒண்ணு, நாம ஜெயிச்சிட்டோம்னு சொன்னேன். சந்தோஷப்பட்டு என்னைக் கட்டிப்பிடிச்சா. ரெண்டு நிமிஷம் கழிச்சு மறுபடியும் ஸ்கோர் என்னன்னு கேட்டா. சொன்னேன். மறுபடியும் அதே மாதிரி சந்தோஷப்பட்டா." ஜெஸ் தன் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நாலு தடவை. முதல் ரெண்டு தடவை விளையாட்டுக்குச் செய்யறான்னு நினைச்சு எல்லாரும் சிரிச்சோம்."

அவள் போன பிறகு நான் மத்தியஸ்தருக்கு இன்னொரு கடிதம் எழுதினேன். முன்பு எழுதியது எனக்குத் தெரியாத ஒன்றைப் பற்றியது, அதைத் திரும்பப் பெறுகிறேன் என்று. கடிதம் கிடைத்தது, கோப்பில் சேர்க்கப்பட்டது என்று ஒரு வரிப் பதில் வந்தது. பருவம் முடிந்துபோன ஒன்று. கோப்பு மட்டும் திறந்திருந்தது.

பாபகூராவில்

தலைக்காயத்துக்கான மருத்துவரைப் பார்க்க நகரத்தில் நீண்ட காத்திருப்பு. நகரின் தெற்கு ஓரத்தில், பாபகூராவில் ஒரு இடம் காலியானது என்று அழைத்தார்கள். சேகருக்கு வேலை. நான் வரட்டுமா என்று கேட்டேன். அந்த வாரங்களில் நான் அவளிடம் எதையும் கேட்டுத்தான் செய்தேன். கேட்பது எனக்குப் புதிது. வாய் கூசியது.

"வாங்க" என்றாள்.

ரயிலில் போனோம். கார் ஓட்டினால் எதிர்வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்றாள். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவில்லை. கோடை முழுவதும் வீட்டுக்குள்ளும் அதைப் போட்டுக்கொண்டு திரிந்தாள். "என்ன சினிமாக்காரியோ?" என்று நான் கேலி செய்திருக்கிறேன். ஜன்னல் பக்கம் பார்க்காமல், கை இரண்டையும் மடியில் வைத்து, நேராக உட்கார்ந்திருந்தாள். ஏறத்தாழ ஒரு மணி நேரம். நான் சொல்ல நினைத்ததெல்லாம் எனக்கு ஆறுதலாக இருக்கக்கூடியவை, அவளுக்கல்ல.

வரவேற்பு மேசையிலிருந்த பெண் ஒரு படிவத்தை நீட்டினாள். என்னிடம்தான் நீட்டினாள். நான் முன்னால் நின்றிருந்தேன், பேனாவும் என் கையில் இருந்தது. முதல் கேள்வி: இதை நிரப்புவது யார், நோயாளியா, குடும்பத்தவரா?

படிவத்தையும் பேனாவையும் ஆரணியிடம் கொடுத்தேன். பிறகு இரண்டு நாற்காலி தள்ளிப் போய் உட்கார்ந்தேன்.

அவள் மெதுவாக எழுதினாள். நடுவில் நிறுத்தி, கண்ணாடியைத் தூக்கிக் கண்ணை அழுத்திவிட்டுக்கொண்டாள். எழுத்து நெளிந்தது. உதவிக்குக் கை நீளாமல் இருக்க என் கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் பக்கத்துக்கு வந்ததும் எழுந்து என் பக்கத்து நாற்காலிக்கு வந்தாள். தலையில் அடிபட்டது மொத்தம் எத்தனை முறை என்று ஒரு கேள்வி இருந்தது. அதற்கு நேரே ஒரு சின்னக் கட்டம். எனக்குத் தெரிந்தது ஒன்று. அதுவும் பிறர் சொல்லித் தெரிந்தது.

ஆரணி கட்டத்தில் மூன்று என்று எழுதினாள். சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதை அடித்துவிட்டு ஐந்து என்று எழுதினாள். பிறகு, நான் பார்க்கும்படி, தாளை என் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.